ஐந்து மணிக்குள் வந்த ஒரு வரி

"இதெல்லாம் ஒரு பதிலா அக்கா?" என்று கேட்கிறேன். சைட் ஆபீஸின் தகர அறையில் மேனேஜர் அக்கா திரையையே பார்க்கிறார். பீமில் குழாய்க்கு ஓட்டை விடலாமா என்று டிசைனரைக் கேட்டிருந்தோம். இன்று ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்பது ஒப்பந்தம். ஐந்தாகும் முன்பே ஒரு வரி வந்துவிட்டது: "கேள்வி கிடைத்தது, பார்க்கிறேன்." இப்போது ஐந்து தாண்டியும் வேறெதுவும் வரவில்லை. வெளியே கான்கிரீட் லாரியின் வயிறு சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. மேஸ்திரி தலையை நீட்டுகிறார். "ஊத்தவா, திருப்பி அனுப்பவா? தப்பா இறுகிட்டா அப்புறம் கடப்பாரைதாம்மா." அக்கா டிசைனருக்குப் போன் போடுகிறார். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. "சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மதில் மேல் பூனை" என்று முனகுகிறார். சிமென்ட் தூசி படிந்த மேசையில் சாய்ந்த வெயில். மேஸ்திரியை நோக்கி உயர்ந்த அக்காவின் கை பாதியிலேயே நிற்கிறது. நீங்களே சொல்லுங்கள், 'பார்க்கிறேன்' என்பது பதில்தானா?