வயலுக்கு முன்னால்

ஆராய்ச்சிக்கூடத்து மேசையில், மக்காச்சோள மாவில் செய்த பை, பாலிதீன் பையை விட்டு ஒதுங்கியே உட்கார்ந்திருந்தது. அதன் கெட்ட பெயர் தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்.

"உங்களில் யாரால் மண்ணுக்கு எவ்வளவு கேடு என்று நிறுத்துப் பார்க்கப் போகிறேன். சோளப் பையே, முதலில் நீ பிறந்ததிலிருந்து சொல்," என்றது தராசு.

"ஆலையில் பிறந்தேன். தூக்கிப் போட்டால் மக்கிவிடுவேன். அவ்வளவுதான்!" என்றது சோளப் பை.

"ஆலைக்கு முன்னால்?"

"வயலில் சோளமாக நின்றேன்."

"அங்கே வயல் வருவதற்கு முன்னால்?"

பைக்குத் தெரியவில்லை. ஜன்னலில் நின்றிருந்த கொக்குதான் சொன்னது: "அது எங்கள் ஏரி. அதைத் தூர்த்துத்தான் சோளம் விதைத்தார்கள். நீ மக்கிப்போனால் ஏரி திரும்பி வருமா, தம்பி?"

சோளப் பை மெல்ல நகர்ந்து, பாலிதீன் பையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.