ஆலாக்களுக்குத் தெரிந்த நடை

மணல்திட்டில் ஆலா என்னும் கடற்பறவைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. கரையில் நட்ட கம்பம் அவற்றின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும். நம்மைக் கண்டு பயந்தால் சிவப்பு விளக்கு எரியும். அப்புறம் திட்டில் கால் வைக்கக் கூடாது. காவலுக்கு வரும் பன்னிரண்டு தொண்டர்களில் எனக்கு மட்டும்தான் பச்சை எரியும். உப்பளத்தில் தேய்ந்த இடது கால், வேகமாக நடக்காது. என் மனைவி சூசையம்மாவுக்கு நாலு வருடமாகச் சிவப்புதான், படகிலேயே இருப்பாள்.

இன்று வெயில் ஏறுமுன் குஞ்சுகளுக்கு ஓலை நிழல் வைக்க வேண்டும். பாதி வைத்ததும் என் முழங்கால் மடங்கிவிட்டது. தவழ்ந்துதான் படகுக்கு வந்தேன்.

“மீதிக் குஞ்செல்லாம் வெந்து போயிரும்டி.”

“சட்டையைக் கழட்டுங்க.”

உப்பளத்துக்குப் போகும்போது போடுவதைப்போல், சேலைக்கு மேல் என் சட்டையை மாட்டினாள். ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

“கிண்டல் பண்றியா?”

“முப்பது வருசமா உங்க பின்னாலதான நடக்கேன்.”

கம்பத்தில் பச்சை எரிந்தது. ஒரு பறவைகூட எழும்பவில்லை. திட்டின் நடுவில் நின்று, என்னைப் போலவே தொண்டையையும் ஒருமுறை செருமிக்கொண்டாள்.