முப்பத்தெட்டு நொடி

“டிசைனரா? எந்தப் புடவைக்கும்மா பார்டர் போட்டே?”

மூத்த வக்கீல் மாணிக்கவேல் கேட்டதும் வக்கீல்கள் சங்க ஹால் குலுங்கிச் சிரித்தது.

நிக்கத்தும் சிரித்து வைத்தாள். காஞ்சிபுரத்தில் டிசைனர் என்றால் புடவைக்கு மாங்காயும் மயிலும் வரைகிறவர்தான். இவள் வடிவமைப்பது பாடத்தை. வக்கீல்களுக்கு எதை, எந்த வரிசையில், எப்படிக் கொடுத்தால் மண்டையில் ஏறும் என்று திட்டம் போடுகிற வேலை.

“சட்டம் படிக்காத பொண்ணு வக்கீலுங்களுக்குப் பாடம் போடுது. கலிகாலம்பா!”

நாலு மாதமாக இதே நக்கல்தான். மனுஷனுக்கு நாக்கு முழுக்க நெருஞ்சி முள்.

இன்றைக்கு வெள்ளோட்டம். தேறினால் வருஷம் முழுக்க இளம் வக்கீல்களுக்கு இந்தப் பயிற்சி. இல்லாவிட்டால் பழையபடி மூன்று மணி நேரச் சொற்பொழிவு, வடை, காபி, தூக்கம். சங்கத் தலைவி மங்கையர்க்கரசி மாலைக்குள் முடிவைச் சொல்வதாக இருந்தார்.

“இன்னிக்கு லெக்சர் கிடையாது,” என்றாள் நிக்கத். “கட்சிக்காரர் பேசுவாங்க, நீங்க கேக்கணும். எத்தனாவது நொடியில குறுக்கே பேசறீங்கன்னு கடிகாரம் காட்டும். வழக்கோட உயிர் அவங்க பேச்சுல எங்கேயோ இருக்குது. கண்டுபிடிக்கணும்.”

கட்சிக்காரர் நாற்காலியில் ரேணுகாம்பாள். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். சொல்லப்போவதும் அவருடைய சொந்தக் கதைதான், பத்து வருஷத்துக்கு முன் அவர் ஜெயித்த வழக்கு. கோர்ட் டைப்பிஸ்ட் சொல்லி நிக்கத் தேடிப் பிடித்தாள். வாதாடிய வக்கீலின் பெயரை அவர் சொல்ல வந்தபோது மட்டும் நிக்கத், “அது வேணாம்மா, யாரையும் தூக்கவும் வேணாம், இறக்கவும் வேணாம்” என்று தடுத்துவிட்டாள்.

வழக்கு இதுதான். வீட்டில் தன் பாகம் வேண்டாம் என்று ரேணுகாம்பாள் எழுதிக் கொடுத்ததாகக் கொழுந்தன் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். ‘அன்னிக்குத் தறியில நெய்துக்கினு இருந்தவங்க எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாங்க, என் கண்ணால பார்த்தேன்’ என்று ஒரு சாட்சி வேறு.

“முதல்ல யாரு வர்றீங்க?”

இளம் வக்கீல்கள் நாற்பது பேர். ஒருவரும் அசையவில்லை. பின்வரிசை முழுக்க சீனியர்கள். தப்புப் பண்ணினால் நாளைக்குக் கோர்ட் கேன்டீனில் தோலை உரித்துவிடுவார்கள்.

இரண்டு நிமிஷம் ஓடியது. தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிக்கத்தின் நாலு மாச உழைப்பு கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது.

“ஒருத்தரும் சிக்கலையா?” மாணிக்கவேல் எழுந்து வந்தார். “முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். பார்த்துக் கத்துக்கோங்கபா.”

எதிர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “உன் பேரு என்னம்மா?”

ரேணுகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தாள் நிக்கத்.

“ரேணுகாம்பாளுங்க. அன்னிக்கி எங்க நாத்தனாரு வந்திருந்தாங்க. அவங்களுக்கு முட்டி வலிங்க. நொச்சி எல போட்டு எண்ண காய்ச்சிக்கினு...”

“முட்டிக் கதை எதுக்கும்மா? கையெழுத்துப் போட்டியா, இல்லியா?”

“இல்லீங்க.”

“அவ்ளோதான். கையெழுத்தை நிபுணருக்கு அனுப்பு. முடிஞ்சுது கேஸ்.”

நிக்கத் பலகையில் பெரிதாக எழுதினாள்: 38 நொடி.

“வழக்கோட உயிரை விட்டுட்டீங்க சார். தோத்துட்டீங்க!” நாலு மாச நக்கலையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்த சுகம் அவளுக்கு.

ஹாலே வெடித்துச் சிரித்தது. மாணிக்கவேல் தலையைச் சொறிந்துகொண்டே போய் உட்கார்ந்தார்.

அவரே மண்ணைக் கவ்வின பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? சடசடவென்று கைகள் உயர்ந்தன. குமரன் ஐம்பது நொடி தாங்கினான். அடுத்தவர் ஒன்றரை நிமிஷம். ஆறாவதாக வந்த அபிநயா வாயே திறக்கவில்லை. முட்டி வலி, நொச்சி எண்ணெய், நாத்தனார் மகனுக்குப் பெண் பார்த்தது, எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினாள். நாலாவது நிமிஷம் வந்தது.

“...அன்னிக்கி அமாவாசையாச்சே. தறி கிடையாது. அதான் எண்ண காய்ச்ச நேரம் இருந்துச்சு.”

அபிநயா துள்ளி எழுந்தாள். “அமாவாசைக்கு இந்த ஊர்ல எந்தத் தறி ஓடும்? நெய்துக்கினு இருந்தாங்கன்னு சொன்ன சாட்சி பொய்!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. தலைவி மாலை வரை காத்திருக்கவில்லை.

“வருஷம் முழுக்க நடத்துங்க நிக்கத். சீனியருங்களுக்கும் சேர்த்து!”

நிக்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி யாராவது எந்தப் புடவைக்கு என்று கேட்கட்டும், பார்க்கலாம்!

ஹால் காலியானதும் ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பெரிய வக்கீலு இருக்காரே...”

“அவரை விடுங்கம்மா. இன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.”

“ஐய, நீயும் முட்டிக் கதையிலியே நிறுத்தறியேமா!” ரேணுகாம்பாள் சிரித்தார். “முழுசாக் கேளு. என் பேரே தெரியாத மாதிரி கேட்டாரு பாரு, சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு! அன்னிக்கி முக்கா மணி நேரம் குறுக்கே ஒரு வார்த்த பேசாம கேட்டு, அந்த அமாவாசையப் புடிச்சு என் வூட்ட மீட்டுக் குடுத்த வக்கீலே அவருதாம்மா!”