பக்கத்து மேசை

நஜீமின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தவள் மருதுவின் அம்மா.

அதுதான் மருதுவால் தாங்க முடியவில்லை.

பள்ளியின் கலையரங்கம் முழுக்க மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஏதோ ஒன்று சுழன்றது, மினுங்கியது, தண்ணீர் தெளித்தது. மருதுவும் நஜீமும் பதினோராம் வகுப்பில் ஒரே பெஞ்சு. கண்காட்சியிலும் அடுத்தடுத்த மேசை.

மருது செய்தது நான்கு சக்கரம் வைத்த ஒரு குட்டி வண்டி. தட்டில் பரப்பிய செம்மண்ணில் ஊர்ந்து போய், ஈரம் குறைந்த இடத்தில் நின்று பீப் என்று கத்தும். கோடை விடுமுறை முழுவதும் அதற்கே போயிருந்தது. அதன் புரோகிராமில் ஒரு வரிகூட அவன் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

நஜீமுடையதில் புரோகிராமும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய தையல் மிஷினின் மிதிக்கட்டை, ஒரு மரச்சட்டம், ஒரு கொக்கி. பூவை வைத்து நூலைச் சுற்றிவிட்டுக் காலால் மிதித்தால், கொக்கி நூலை இழுத்து முடிச்சை இறுக்கும். பூக்கட்டுகிறவரின் விரலை நூல் அறுக்காது. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்குத்தான் அத்தனை கூட்டம். பாதிப் பேர் கையில் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தார்கள்.

நடுவில் மருதுவின் அம்மா சீனியம்மாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எப்படி உட்கார்வாளோ அப்படியே, மடியில் ஈரத்துணி, துணியில் மல்லிகை.

“அம்மா, மெதுவா மிதிங்க. எல்லாரும் பாக்கட்டும்” என்றான் நஜீம்.

அம்மாவாம்.

கணக்குப் போட மருதுவின் வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம், நஜீம்தான் அவள் விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அந்த விரல்களை மருது பிறந்ததிலிருந்து பார்க்கிறான். அம்மாவின் விரல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நஜீம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். அவள் மிதித்துப் பார்ப்பாள், நூல் சிக்கும், இருவரும் சிரிப்பார்கள். உள்ளறையில் மருது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வண்டிக்கு ஒயர் பற்றவைப்பான். அவனோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்ப்பான்.

இப்போதும் சிரிக்கிறாள். மூன்று எட்டு வைத்தால் அவன் மேசை. ஒருமுறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மருது வண்டியை எடுத்து, தட்டில் மண்ணே இல்லாத மூலையில் வைத்தான். அது விடாமல் கத்தியது. இரண்டு சின்னப் பையன்கள் ஓடிவந்தார்கள். பக்கத்து மேசைக் கூட்டத்தில் சிலர் திரும்பினார்கள்.

சீனியம்மாளின் கை ஒரு கணம் நின்றது. தலை திரும்பவில்லை. மறுபடி மிதித்தாள்.

நடுவராக வந்திருந்த பேராசிரியை நஜீமின் மேசைக்கு முன் குனிந்தார். தானே ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். மற்ற மேசைகளில் எல்லாம் நின்ற நேரத்தைவிடக் கூடுதலாகவே நின்றார்.

“நல்லா வேலை செய்யுதே. உங்க பிள்ளைங்க யாராவது இங்க படிக்கிறாங்களாம்மா?”

மருது நிமிர்ந்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“இல்லங்க மேடம். எம்புள்ளைக யாரும் இங்க படிக்கல.”

நஜீம் வாயைத் திறந்தான். சீனியம்மாள் அவன் மணிக்கட்டை மெல்லத் தொட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டு, மருதுவைப் பார்த்தான்.

மருதுவின் காது மடல்கள் சுட்டன. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கொக்கியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

பேராசிரியை அவன் மேசைக்கு வந்தார். அவன் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆங்கிலத்தை எல்லாம் ஒப்பித்தான். “வெரி குட்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

பூ தீர்ந்தது. சீனியம்மாள் துணியை உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டி முடித்த சரத்தை நஜீமிடம் கொடுத்து, “ஒங்க அம்மாட்ட குடுப்பா” என்றாள். சாயங்கால வியாபாரத்துக்கு மார்க்கெட்டில் இருக்க வேண்டும். வாசலுக்குப் போக மருதுவின் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அவன் வேண்டுமென்றே வண்டியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவள் மேசை முன்னால் நின்றாள். வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒருத்தி போல, வண்டியை ஒரு பார்வை, மண்ணை ஒரு பார்வை. பிறகு உதடு அசையாமல் சொன்னாள்.

“நீ நேத்து சொன்ன மாதிரியே ஒன் அம்மான்னு யார்ட்டயும் காட்டிக்கலப்பா. ஒன் கூடப் படிக்கிற மத்த புள்ளைக ஒண்ணுக்கும் தெரியாது. வாரேன்.”

நடந்துவிட்டாள்.

வண்டி அவன் கையிலேயே இருந்தது, சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டு. எதிர் வரிசையில் அவன் வகுப்புப் பையன்கள் நின்றார்கள். அவர்களின் அப்பாக்கள், அம்மாக்கள் நின்றார்கள்.

அவள் வாசல்படியை நெருங்கிவிட்டாள்.

“அம்மா” என்று கூப்பிட்டான் மருது. அவன் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

கூட்டத்தில் நாலைந்து அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சீனியம்மாள் திரும்பவில்லை.