தோன்றியதற்குச் சாட்சி

நூலகத்தில் ஆய்வுப் பருவம் முடிக்க வரும் இளங்கலை மாணவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் செயற்கை அறிவு மெஷினைக் கேட்டு எழுதலாம், தடையில்லை. சொந்தமாக ஏதாவது தோன்றினால் மட்டும், தோன்றும்போது பக்கத்தில் ஒரு சாட்சி இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது திருட்டு, பருவம் போச்சு.

பஞ்ச காலப் பத்திரிகைகளை வாசித்த மெர்லின், பசித்தவர்கள்தான் சமையல் குறிப்புகளை விரும்பிப் படித்தார்கள் என்று எழுதியிருந்தாள். சரிபார்ப்பு அலுவலர் கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எங்கேருந்தும்மா எடுத்த?"

"எனக்காத் தோணிச்சு சார்."

"அப்போ யாரு கூட இருந்தா?"

"குளிச்சிட்டிருந்தேன் சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. தண்ணியில என்னதான் கலக்குறாங்க?"

அடுத்த மேசையிலிருந்து சக மாணவன் இர்ஃபான் கிசுகிசுத்தான். "ஏட்டி, மெஷின் சொல்லிச்சுன்னு சொல்லித் தொலை. பாஸாவது ஆவலாம்."

மெர்லின் அலுவலர் பக்கம் திரும்பினாள். "மெஷின்தான் சார் சொல்லிச்சு."

அலுவலரின் முகம் மலர்ந்தது. "ஒத்துக்கிட்டியே, இந்த நேர்மைதாம்மா வேணும்." முத்திரை விழுந்தது.

இருக்கைக்குத் திரும்பியவளுக்குப் புதிதாக இன்னொன்று தோன்றியது. அலுவலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாக ஒரு கொட்டாவி விட்டு, தோன்றியது தெரியாதபடி முகத்தை மறைத்துக்கொண்டாள்.