மூன்றாவது சரணத்தில் ஒரு விசில்

நீங்கள் ஆசை ஆசையாக ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நீங்களே பாடி ஊருக்கு முன்னால் வைக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருத்தன் வந்து, "மூணாவது சரணத்துல குக்கர் விசில் அடிக்குது, காது வலிக்குது" என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சுதர்ஷினிக்கு அந்தக் குக்கரையே தூக்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"பேரைப் பாருங்க! 'உண்மை விரும்பி'யாம்! சொந்தப் பேர்ல எழுதத் தைரியம் இல்ல, இவனுக்கு உண்மை ஒரு கேடு!"

புருஷன் ஸ்ரீகரன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரசம் இருக்கா?"

ரசமாம், ரசம்!

பாட்டின் பேர் 'டுரியான் வாசம்'; ஊரையே தூக்கும் வாசமுள்ள அந்த முள்ளுப் பழத்தின் பேரில். "மூடி வெச்சாலும் வீடெல்லாம் மணக்குது உன் நெனப்பு" என்று ஆரம்பிக்கும். பிள்ளை தூங்கிய நேரமாகப் பார்த்து, அறைக் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடிப் பதிந்தது. கம்ப்யூட்டரில் இசையமைக்கத் தெரிந்த டெஸ்மண்ட் தம்பி அதற்கு இசை சேர்த்துக் கொடுத்தான்.

கம்பெனியா, மேனேஜரா, யார் இருக்கிறார்கள் பின்னால்? அவளே எல்லாப் பத்திரிகைக்கும் ரேடியோவுக்கும் அனுப்பினாள். ஒரு பதில் கிடையாது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் போடும் தீபாவளி மேடையில் உள்ளூர்ப் பாடகருக்கு ஓர் இடம் இருந்தது. ஏற்பாட்டாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பேப்பர்ல உங்களப் பத்தி ஒரு செய்தியாவது வந்திருக்கணும்மா. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்."

தெரிந்தவர்கள் எல்லாரும் "சூப்பர்லா!" என்று எழுதிக் கட்டைவிரலைக் காட்டினார்கள். கேட்டவர் எண்ணிக்கை மட்டும் நகரவே இல்லை. கட்டின புருஷனோ அந்தக் கட்டைவிரலைக்கூடக் காட்டவில்லை. தண்ணீர் பில் புகார் கவுண்டரில் நாளெல்லாம் ஊரார் வசவை வாங்கிக்கொண்டு வருகிற மனுஷன். வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான்.

மறுநாள் பார்த்தால், பாட்டைப் போட்டிருந்த முகநூல் குழு கொதித்துக் கிடந்தது.

"விசிலா? எங்கே? முழுசாக் கேட்டேன், ஒன்னும் இல்லையே!" என்று கேத்தரின் டீச்சர் சண்டைக்கு வந்திருந்தார்.

"இருக்கு டீச்சர். காதுல பஞ்சை எடுத்துட்டு இன்னொரு தடவ கேளுங்க" என்றான் உண்மை விரும்பி.

"ஆமா, எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு விசில்."

"ரெண்டு விசிலுக்குப் பருப்பு வேகாதுலா!"

விசில் உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. 'சூப்பர்லா' போட்டவர்களில் பாதிப்பேர் இப்போதுதான் பாட்டையே முதல் தடவையாகக் கேட்டார்கள். விசிலைத் தேடித் தேடித் திரும்பக் கேட்டார்கள். தேடப் போனவர்கள் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பாசார் சந்தையில் தமிழே தெரியாத மீன்கார ஹஸ்ருல் அந்த மெட்டைச் சீட்டியடித்தபடி மீன் வெட்டினான்!

புதன்கிழமை போன் வந்தது.

"அக்கா, பத்திரிகையிலிருந்து அதிரா பேசுறேன். எங்க ஆபீசே ஹெட்போன் மாட்டிக்கிட்டு விசில் தேடுது! விசில் கிடைக்கல, பாட்டுதான் மனச விட்டுப் போக மாட்டேங்குது. ஒரு பேட்டி குடுப்பீங்களா?"

கொடுக்க மாட்டாளா!

ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம். கலர் படம். மத்தியானத்துக்குள் ஏற்பாட்டாளரே கூப்பிட்டு மேடை உறுதி என்றார். சுதர்ஷினி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஆடினாள். பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரித்தது.

அந்த ஆட்டத்துக்கு நடுவில் டெஸ்மண்ட் கூப்பிட்டான்.

"அக்கா, பேப்பர் பாத்தேன், கலக்கிட்டீங்க! ஆனா ஒன்னு... விசில் நெசமாவே இருந்துச்சுக்கா."

"அடப்பாவி, நீயும் அந்தக் கட்சியா?"

"இல்லக்கா. நீங்க பாடி அனுப்பினதுல லேசா இருந்துச்சு. மூணாவது சரணத்துலதான். உங்ககிட்ட சொல்லாமலே வெட்டி எடுத்துட்டேன். வெளிய வந்த பாட்டுல கிடையவே கிடையாது."

"அப்ப, கேட்டுச்சு கேட்டுச்சுன்னு அத்தனை பேரு எழுதினாங்களே!"

"அது அவங்க காது விசேஷம். எனக்கு அது இல்ல சந்தேகம். வெட்டி எறிஞ்ச விசிலு அந்த உண்மை விரும்பிக்கு எப்படித் தெரியும்?"

சுதர்ஷினியின் ஆட்டம் நின்றது.

அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் காதில் ஹெட்போன். பிள்ளை தூக்கத்தில். அன்றைக்கு அடுப்படியில் பருப்பு வேகவைத்தது...

திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீகரன் சோபாவில் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். பத்திரிகை குலுங்கிக்கொண்டிருந்தது.

"உண்மை விரும்பி சார், கொஞ்சம் பேப்பர எறக்குறீங்களா?"

இறக்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"கவுண்டர்ல உக்காந்து தினம் பாக்குறேன் சுதா. பாராட்டி எழுதினா ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. புகார்னா, பெரிய ஆபீசருங்க வரைக்கும் எந்திரிச்சு வந்து பாப்பாங்க. உன் பாட்டு ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும், அப்பறம் விடாது. அந்த ஒரு தடவ கேக்க வெக்கணும்ல?"

"அதுக்காக என் பாட்டத் திட்டுவீங்களா?"

"பாட்ட எங்க திட்டினேன்? என் குக்கரத்தானே திட்டினேன்!"

கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றவள், பிள்ளையை அவன் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"என்னங்க, தைப்பூசத்துக்கு அடுத்த பாட்டு போடப் போறேன். நல்ல குறையா ஒன்னு இப்பவே பாத்து வைங்க."