பதினேழாம் கேபிள்

ஒரு சர்வர் அறையில் இருபத்து நான்கு நீலக் கேபிள்கள் ஒரே கற்றையாக நின்றன. ஒரு பிளாஸ்டிக் பட்டை அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம், "எண்ணெய் வச்சு வாரின தலை மாதிரி இருக்கே" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பட்டைக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஒருநாள் பதினேழாம் கேபிள் மெல்லச் சொன்னது. "அக்கா, ரொம்ப இறுக்குது. உள்ளே செம்புக் கம்பி நசுங்குது. கொஞ்சம் தளர்த்துங்களேன்."

"உனக்கு மட்டும்தானா இறுக்குது? மத்தவங்க யாராவது வாயைத் திறந்தாங்களா? நாலு பேர் பார்க்கிற இடம், நெளியாம நில்லு சாமி" என்றது பட்டை.

பதினேழு நெளியாமல் நின்றது. தினமும் முனகியது. ஒரு வாரத்தில் உள்ளே கம்பி அறுந்துபோனது.

பழுது பார்க்க வந்தவர் அதை உருவப் பார்த்தார். உருவினால் கற்றையின் அழகு கெட்டுவிடும் என்று தோன்றியது. அதனால் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, உடலை உள்ளேயே விட்டார். அதன் வேலைக்கு ஒரு புதுக் கேபிளை அதே பட்டைக்குள் திணித்துவிட்டுப் போனார்.

பக்கத்திலிருந்த பதினாறு, பதினேழை "தம்பி, தம்பி" என்று இரண்டு தரம் கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை.

"அக்கா, மூச்சு முட்டுது" என்றது புதுக் கேபிள்.

"பழகிடும் கண்ணு" என்று பட்டை அன்பாகச் சொன்னது. "அந்தப் பதினேழாம் அண்ணனைப் பாரு. முன்னே ஓயாம முனகுவான். இப்போ எவ்வளவு அடக்கமா நிக்கிறான்."